நாற்பதாவது பெயர்

காலை ஆறு மணிக்கு முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழாம் எண் அறைக்குள் நுழைந்தேன். மூக்கையும் வாயையும் மட்டும் மறைக்கிற முகமூடி அல்ல இது. நெற்றியிலிருந்து கழுத்துவரை வழவழவென்று வெள்ளையாக, கண்ணுக்கு மட்டும் இரண்டு துளைகளோடு இருக்கும். உள்ளே குரல்மாற்றி ஒன்று உண்டு. யார் பேசினாலும் வெளியே ஒரே குரல்தான் வரும். இந்த இல்லத்தில் வேலை பார்க்கும் பதினாறு பேரும் இப்படித்தான் நடமாடுவோம். முதல் நாள் பார்க்கிறவர்கள் மிரண்டு போவார்கள். என்ன செய்வது, நாங்கள் யாருடைய மனத்திலும் தங்கிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி.

சந்தனராஜ் விழித்துத்தான் இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. தூத்துக்குடிக் கடற்சுவரில் மதகு இயக்கியவர். மூன்று வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் கொண்டுபோனது. கையும் காலும் மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும். தான் சொல்ல நினைப்பதும் அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவே இருந்த பாலம்தான் இடிந்து போயிருந்தது.

"ஒன்று," என்று சொல்லி ஒலிப்பேழையை இயக்கினேன். காலமான அவருடைய அம்மா எப்போதோ பாடிப் பதிந்து வைத்த தாலாட்டு. பத்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். "இரண்டு." மகள் நிறைமதியின் படம். பத்து நிமிடம். "மூன்று." மதகின் திருகுசக்கரத்தின் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தேன், சுற்றினார். இப்படியே நாற்பது. நாற்பதும் முடிய ஆறு மணி நேரமும் நாற்பது நிமிடமும் ஆகும். மீதியில் ஒன்பது மணி நேரம் பேச்சுப் பயிற்சி, பிறகு சாப்பாடு, தூக்கம். இருபத்தெட்டு நாளும் இதே நியதி.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிறந்த குழந்தையின் மூளையில் நரம்புப் பாதைகள் தேவைக்கு மேல் முளைக்கின்றன. குழந்தை எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அந்தப் பாதை தடிக்கிறது. நடமாட்டம் இல்லாத பாதை உதிர்ந்துவிடுகிறது. வயது ஏற ஏற நரம்பணுக்களைச் சுற்றி ஒரு வலை இறுகி, இருப்பதைப் பத்திரப்படுத்துகிறது. அதனால்தான் பெரியவர்களுக்குப் புதிதாக எதுவும் எளிதில் ஏறுவதில்லை. அந்த வலையைக் கரைக்கும் ஊசி கண்டுபிடித்து நாற்பது வருடமாகிறது. அதற்கு நெகிழ்திறப்பு என்று பெயர். ஜனங்கள் சுருக்கமாகத் திறப்பு என்பார்கள். இருபத்தெட்டு நாள் மூளை மறுபடி குழந்தையாகும். பேச்சு இழந்தவருக்கு மூளையின் வேறொரு பக்கத்தில் பேச்சை விதைக்கலாம்.

ஆனால் குழந்தையாவது என்றால் முழுக்கக் குழந்தையாவதுதான். விதைப்பது முளைக்கிற அதே வேகத்தில், தொடாதது உதிரும். ஆரம்ப காலத்தில் இது யாருக்கும் சரியாகப் புரியவில்லை. மதுரையில் ஒரு பேராசிரியர் திறப்பு முடிந்து வெளியே வந்தபோது, இருபத்தெட்டு நாளும் கூட இருந்த செவிலியைத் தன் தாய் என்று நினைத்து விடாமல் அழுதிருக்கிறார். எங்களுக்கு முகமூடி வந்தது அதன் பிறகுதான். வைப்புப் பட்டியல் வந்ததும் அப்போதுதான். திறக்கப்படுகிறவரிடம் எவையெல்லாம் மிஞ்ச வேண்டுமோ அவற்றை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு பொருள் அல்லது ஒரு முகம். மொத்தம் நாற்பது. அதற்கு மேல் ஒரு நாளில் நேரம் இல்லை.

இந்தப் பட்டியல் எழுதுவது இப்போது ஒரு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. உறவுக்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து இறங்குகிறார்கள். நலம் விசாரிக்கிற சாக்கில் தன் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனால் எப்படி முறைத்துக்கொள்வார்களோ அப்படி இதற்கும் முறைத்துக்கொள்கிறார்கள். பதினோரு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொந்தபந்தம் என்றாலே ஒரு சலிப்பு வந்துவிட்டது.

சந்தனராஜால் பேசவும் எழுதவும் முடியாது என்பதால் பட்டியலை எழுதிக் கையெழுத்திட்டவர் அவர் மனைவி முப்பிடாதி. சிறுகூடான உடம்பு. இடது புறங்கையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை நீளமான தீத்தழும்பு. சேர்க்கைக்கு முந்தின நாள் தாளை என்னிடம் நீட்டினாள். நாற்பதாவது வரியில் ஒரு பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'கனகவேல்' என்று எழுதியிருந்தாள்.

"அடிச்சிருக்கீங்களே, இது யாரு?" என்று கேட்டேன்.

"அது நான்தான் மேடம்," என்று சிரித்தாள். "நாத்தனா வீட்டுக்காரரு பேரு விட்டுப்போச்சு. அண்ணாச்சி நேத்து சாயங்காலம் வந்து பாத்துட்டு ஒரு வாய் காப்பித்தண்ணி குடிக்காம எந்திரிச்சிப் போயிட்டாவ. நாத்தனா அழுதாவ. அதான் எடுத்துட்டேன்."

"உங்க பேரையா எடுப்பீங்க?"

"நான்தான் தினமும் மத்தியானம் சோறு கொண்டு வாரேன்லா. கையெழுத்துப் போட்டவ நேர்ல வரலாம்னு நீங்கதான சொன்னிய. தினமும் வாரவளுக்கு எதுக்கு ஒரு இடம்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. கையெழுத்திட்டவர் பட்டியலில் இல்லாவிட்டாலும் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் நேரில் வரலாம் என்று விதி இருக்கிறது. பத்து நிமிடத்துக்குப் பதில் அறுபது நிமிடம். நானும் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச்சு வந்துரும்லா மேடம்? முன்னெல்லாம் வாசல்ல செருப்பைக் கழத்தும்போதே 'ஏட்டி முப்பு'ன்னு ஒரு சத்தம் குடுப்பாவ. தெருவுக்கே கேக்கும். எனக்கு எரிச்சலா வரும். இந்த மூணு வருஷத்துல அந்தச் சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்ல. ஒரு தடவ கூப்பிட்டாப் போதும்."

முதல் ஏழு நாள் தவறாமல் வந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், வாயைத் துடைத்துவிட்டாள், வாய் ஓயாமல் பேசினாள். அவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எட்டாம் நாள் வாயிலில் இருந்த கருவி அவளைத் தடுத்துவிட்டது. காய்ச்சல். திறந்திருக்கும் மூளைக்குச் சின்னத் தொற்றும் எமன். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சதுப்புக் காய்ச்சல் என்று வந்தது. கடல் உள்ளே வந்த பிறகு எங்கள் ஊருக்கு வாய்த்த நோய் அது. மூன்று வாரம் விலகி இருக்க வேண்டும்.

பத்தாம் நாள் மாலைவரை பட்டியலில் ஒன்றை எடுத்து இன்னொன்றைச் சேர்க்கலாம். அதன் பிறகு பட்டியல் பூட்டப்படும். மருத்துவர் ரஹ்மத்திடம் ஓடினேன். சாப்பாட்டு வேளையில் திரையிலாவது அவளைக் காட்டலாமா என்று கேட்டேன்.

"திரைன்னா அது பட்டியல்ல வரணும் கோமதி," என்றார். "ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் நாப்பத்தொண்ணு கேப்பாங்க. அந்த நேரம் பேச்சுப் பயிற்சியிலேர்ந்துதான் போகும். அந்தம்மாவே ஒரு பேரை மாத்தித் தரட்டும். நான் உடனே சேர்க்கிறேன்."

முப்பிடாதியைத் தொலைபேசியில் பிடித்தேன். குரல் கம்மியிருந்தது.

"ஒரு பேரைச் சொல்லுங்கம்மா, எடுத்துட்டு உங்களைப் போடுதேன். கனகவேல் அண்ணாச்சிய எடுத்துருவோமா?"

"ஐயையோ, வேண்டாம். அப்புறம் ரெண்டு குடும்பமும் மூஞ்சில முழிக்காது."

"அப்ப அந்த மீன்பிடிப் பந்தயக் கோப்பை? முப்பத்தஞ்சாவது."

"அது அவிய உசுரு மேடம். வாரம் ஒருக்கா அதைத் துடைச்சி வைப்பாவ."

"உங்களை மறந்துருவாருன்னு சொல்லுதேன், உங்களுக்குப் புரியுதா இல்லையா?" என்று நான் கத்தியேவிட்டேன். இந்த வேலையில் கத்தக் கூடாது.

அவள் இருமி முடித்தாள். "முப்பத்தோரு வருஷம் கூடக் கிடந்தவள மூணு வாரத்துல மறந்துருவாவளா? மத்ததெல்லாம் அவியளுக்கு வெளிய இருக்கது மேடம். எழுதி வச்சாத்தான் நிக்கும். நான் அப்பிடியா?"

அதற்கு மேல் நான் மல்லுக்கட்டவில்லை. காய்ச்சலோடு கிடக்கிறவளிடம் என்ன வாதம் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் சொன்னதை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. பதினோரு வருடம் பார்த்த எனக்கு அந்த ஆசை வந்திருக்கக் கூடாது. பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பட்டியல் பூட்டப்பட்டது.

மத்தியானங்களில் அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் சாப்பாடு வந்ததும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருந்தார். பதின்மூன்றாம் நாளும் காத்திருந்தார், ஆனால் கொஞ்ச நேரம்தான். பதினாறாம் நாள் தட்டு வந்தவுடன் தானே எடுத்துச் சாப்பிட்டார். அவர் கதவைப் பார்க்காத முதல் நாள் அது. குறிப்பேட்டில் 'நன்றாகச் சாப்பிட்டார்' என்று எழுதினேன். அதைத் தவிர வேறு எழுத அதில் இடமில்லை.

அதே நாள் இன்னொன்றையும் கவனித்தேன். மகளின் படத்தில் அவள் தோளின்மேல் ஒரு கை இருந்தது. பெரிய படம் ஒன்றிலிருந்து மகளை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். மற்ற முகங்கள் போய்விட்டன. தோளில் கிடந்த கை மட்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை தழும்பு ஓடிய கை. சந்தனராஜ் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஒரு பதிவுக்கு ஒரே ஆள் என்பது விதி. கையையும் வெட்டிவிடச் சொல்லி மேற்பார்வையாளரிடமிருந்து குறிப்பு வந்தது. வெட்டிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்டவில்லை. இந்த இல்லத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது. அன்றிலிருந்து இரண்டாம் பதிவுக்குப் பத்து நிமிடத்துக்குப் பதில் பதினைந்து நிமிடம் கொடுத்தேன். அந்த ஐந்து நிமிடத்தைக் கனகவேல் அண்ணாச்சியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என்னால் காப்பாற்ற முடிந்தது ஒரு கை மட்டும்தான்.

இருபதாம் நாள் அவருக்கு முதல் சொல் வந்தது. "தண்ணி" என்றார். சொல்லிவிட்டு, தன் வாயா சொன்னது என்பதுபோல உதட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் முகமூடிக்குள் அழுதேன். இருபத்திரண்டாம் நாள் இரண்டிரண்டு சொற்கள். இருபத்தைந்தாம் நாள் முழு வாக்கியம். பழைய குரல், பழைய ஊர்ப்பேச்சு. எங்கள் இல்லத்தில் இவ்வளவு நன்றாகப் பேச்சு முளைத்தவர் வேறு யாரும் இல்லை என்று மருத்துவர் ரஹ்மத் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்.

இருபத்தெட்டாம் நாள் மூடல் ஊசி போட்டார்கள். வலை மறுபடி இறுகிற்று. மறுநாள் குடும்பம் வந்தது. மகள் நிறைமதி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "மதி, மெலிஞ்சிட்டியே" என்றார். தங்கை சிவகாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கனகவேலைப் பார்த்து "வாங்க மாப்ள" என்றதும் அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியா, மறக்கல" என்று மனைவியிடம் சொன்னார்.

முப்பிடாதி எல்லோருக்கும் பின்னால் கதவோரம் நின்றிருந்தாள். காய்ச்சலில் பாதியாகப் போயிருந்தாள். புதுச் சுங்குடிச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கூப்பிடுவார் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் பார்வை சுற்றி வந்து அவள்மேல் நின்றது. எழுந்து இரண்டு கையையும் குவித்தார்.

"நீங்கதானாம்மா அந்த முகமூடிக்குள்ள இருந்தது? இத்தன நாளும் முகத்தப் பாக்க முடியலியேன்னு இருந்துச்சு. பெத்த தாய் கணக்காப் பாத்துக்கிட்டிய. உங்களுக்கு ரொம்பப் புண்ணியமாப் போகும்."

நிறைமதி "அப்பா, அது அம்மா" என்று கத்தினாள். அவர் மகளைப் பார்த்தார், முப்பிடாதியைப் பார்த்தார், தப்பாகப் பேசிவிட்டோமோ என்று முகத்தைச் சுருக்கினார். தனக்குக் கல்யாணம் ஆனது அவருக்குத் தெரியும். பந்தல் தெரியும், பட்டியலில் இருந்தவர்களில் யார் யார் வந்தார்கள் என்று தெரியும். பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்த இடம் மட்டும் அவரிடம் இல்லை. "மன்னிச்சிக்கிடுங்க" என்றார். முப்பத்தோரு வருடம் 'ஏட்டி' என்று கூப்பிட்ட மனைவியிடம்.

முப்பிடாதி அழவில்லை. "பேச்சு நல்லா வந்துருச்சே," என்று மட்டும் சொன்னாள். உண்மையான முகமூடிக்காரியாகிய நான் இரண்டடி தள்ளி, கதவுக்கு வெளியே, அவர் கண்ணில் படாமல் நின்றுகொண்டிருந்தேன். மறுபடி ஒரு தடவை திறக்கலாம் என்றால் அதுவும் முடியாது. ஒரு மூளை ஒரு தடவைதான் தாங்கும்.

அதற்கு அப்புறம் நான் போராடிப் பட்டியல் தாளை மாற்ற வைத்தேன். இப்போது முதல் வரியிலேயே 'எழுதுபவரின் முகம்' என்று அச்சிட்டு வருகிறது. இருந்தும் பத்துக்கு ஆறு பெண்கள் அதை அடித்துவிட்டு வேறு யாரையாவது எழுதித் தருகிறார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சண்டை போடுகிறேன். சண்டைக்காரி என்று பெயரும் வாங்கிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து, தொடர்கவனிப்புக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடற்சுவருக்கு இந்தப் பக்கம், ஊழியர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. முகமூடி இல்லாததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை, யார் என்று சொன்னேன். பழைய மதகுக் கதைகளையெல்லாம் உற்சாகமாகச் சொன்னார். சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தன. அவர் முகம் கழுவப் போன நேரத்தில் முப்பிடாதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முன்ரூம்ல தனியாத்தான் படுத்துக்கிடுதாவ," என்றாள் மெதுவாக. "நான் சேலை மாத்தினா வெளிய போயிருதாவ. 'உங்களுக்கு எதுக்கு சிரமம்'ங்காவ. கேக்கும்போதெல்லாம் நெஞ்சு பிச்சுக்கிட்டுப் போகுது."

"நான் அன்னைக்கு உங்ககிட்ட இன்னும் சண்ட போட்டுருக்கணும்மா. விட்டுட்டேன். என் தப்பு."

"நீங்க எவ்வளவு சண்ட போட்டாலும் நான் கேட்டுருக்க மாட்டேன்," என்றாள். "பேரு எழுதும்போது எனக்குக் கை வரல. அவ்வளவுதான்." பிறகு, "ஊசி இல்லாமலும் ஆளு மனசுல ஏறுமா மேடம்?" என்று கேட்டாள்.

"ஏறும். ஆனா மெதுவா. தினமும் பாத்து, தினமும் பேசி. எல்லாருக்கும் அப்பிடித்தான் ஏறுது. வருஷக் கணக்காகும்."

"ஆகட்டும்," என்று எழுந்து உள்ளே போனாள்.

இடியாப்பமும் சொதியும் எடுத்து வந்தாள். எனக்கும் அவருக்கும் தட்டு வைத்துப் பரிமாறினாள். வழக்கம்போலச் சுவரோடு நின்றுகொண்டாள். சொதி ஊற்றக் குனிந்தபோது அவர் அவள் கையையே பார்த்தார். தழும்பைப் பார்த்தார்.

"இந்தக் கை எனக்குத் தெரியும்," என்றார்.

அவள் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். "எப்பிடித் தெரியும்?"

"தெரியல. மதி தோள்ல கிடக்கும்." நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. விட்டுவிட்டு அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஏன் நிக்கிய? நிக்காதிய. ஒரு தட்ட எடுத்துட்டு வந்து உக்காருங்க. சேந்து சாப்பிடுவோம்."

முப்பிடாதி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு நாளும் இப்பிடிச் சொன்னதில்ல," என்றாள் என்னிடம், மிகவும் தணிந்த குரலில். உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தட்டோடு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். பாத்திரத்தைத் திறந்தால் ஒன்றும் இல்லை.

"எத்தன பேருக்கு அவிச்சிய?" என்று கேட்டார் அவர்.

"ரெண்டு பேருக்கு," என்றாள் முப்பிடாதி.

அவர் விரலை நீட்டி எண்ணினார். பேச்சுப் பயிற்சியில் நான் பழக்கிவிட்ட எண்ணிக்கை அது, ஒவ்வொரு எண்ணும் நிறுத்தி நிதானமாக வரும். முதலில் அவளைக் காட்டி "ஒண்ணு" என்றார். என்னைக் காட்டி "ரெண்டு" என்றார். கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு "மூணு" என்றார். பிறகு தன் தட்டிலிருந்து இரண்டு இடியாப்பத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.